மூன்றா, எட்டா: என் ஹெரால்டுக்கு ஆர்.சி. வாங்கித் தந்தவர்

உறையூரில் ஒரு சந்துக்குள் இருக்கிறது அவர் வீடு. போர்டு கிடையாது. வாசலில் பழைய டயர் ஒன்றுக்குள் துளசி நட்டிருப்பார், அதுதான் அடையாளம். ஆர்.டி.ஓ. ஆபீஸில் கிளார்க்காகச் சேர்ந்து சூப்பிரண்டாக ஓய்வு பெற்றவர். இப்போது பழைய வண்டிகளின் காகிதச் சிக்கலை மட்டும் எடுத்துக்கொள்கிறார். லைசென்ஸ், எஃப்.சி., புது வண்டி என்று போனால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார். பெயரையும் போன் நம்பரையும் எங்கும் எழுதக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிட்டார். "கூட்டம் வந்தா வேலை கெட்டுப்போகும் சார்." அதனால் என்னிடம் நம்பர் கேட்காதீர்கள். திருச்சியில் பழைய கார் வைத்திருக்கும் நாலு பேரைக் கேட்டால் ஒருவராவது வழி சொல்வார்.

என் வண்டி 1966 மாடல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு, இரண்டு கதவு, 948 சி.சி. இங்கிலாந்தில் 1959-இல் வந்த டிரையம்ஃப் ஹெரால்டுதான் இங்கே ஸ்டாண்டர்டு என்ற பெயரில் வந்தது. சென்னைக்குத் தெற்கே பெருங்களத்தூரில் செய்தார்கள். முன்பக்க பானெட், இரண்டு மட்கார்டையும் சேர்த்துக்கொண்டு முழுசாக முன்னால் கவிழும். சின்ன வயதில் தில்லைநகரில் ஒரு வக்கீல் வீட்டு வாசலில் அப்படிக் கவிழ்ந்து நின்ற ஹெரால்டைப் பார்த்து, கார் வாயைப் பிளந்துவிட்டது என்று அழுதிருக்கிறேன். ஐம்பத்தாறு வயதில் அதையே வாங்கினேன்.

ஹெரால்டில் இன்னொரு விசேஷம் உண்டு. அந்தக் காலத்தில் பல கார்களுக்கு உடலும் அடித்தளமும் ஒன்றாகவே பற்றவைக்கப்பட்டு வந்துகொண்டிருந்தபோது, இதற்குத் தனியாக ஒரு சேஸ் ஃபிரேம். அதன்மேல் உடலைத் துண்டு துண்டாக போல்ட் போட்டு முடுக்கியிருப்பார்கள். மெக்கானிக்குக் கொண்டாட்டம்தான். ஆனால் பிரேக் இன்ஸ்பெக்டர் இதைப் பார்த்ததும் ஒரு கேள்வி கேட்பார்: இரண்டு வண்டியை உடைத்து ஒன்றாக்கிய வண்டியா இது? சேஸ் நம்பரில் ஒரு எழுத்து இடறினால் போதும், அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியே வருஷம் ஓடிவிடும். எனக்கு ஓடியது.

2022 ஆகஸ்டில் காரைக்குடிப் பக்கம் ஒரு வீட்டுக் கொட்டகையிலிருந்து எடுத்த வண்டி என்று சொல்லி ஒரு இடைத்தரகர் கொடுத்தார். 1,60,000 ரூபாய். எம்.எஸ். என்று தொடங்கும் பழைய மெட்ராஸ் நம்பர். அந்த இரண்டு எழுத்துக்காகவே பத்தாயிரம் கூடுதலாகக் கொடுத்தேன், மறைக்கவில்லை. ஆர்.சி. புக் இருந்தது. பெயர் மாற்றத்துக்கான 29, 30 ஃபாரங்கள் கையெழுத்தோடு இருந்தன. "பேப்பர் எல்லாம் கிளியர்" என்றார். நான் முப்பது வருஷம் ஒரு அச்சகத்தில் புரூஃப் பார்த்தவன். கால் புள்ளி இடம் மாறினால் இரவு தூக்கம் வராது. அந்த நான் அந்தப் புக்கை வாசிக்கவே இல்லை. தடவிப் பார்த்துவிட்டுப் பையில் போட்டுக்கொண்டேன்.

பெயர் மாற்ற ஒரு புரோக்கரிடம் கொடுத்தேன். ஆறு மாதம் கழித்துச் சொன்னார்: "சார், புக்ல இருக்கிற சேஸ் நம்பரும் வண்டியில இருக்கிறதும் ஒரு டிஜிட் ஒத்து வரல. கவலைப்படாதீங்க, புக்ல இருக்கிற மாதிரி புதுசா பஞ்ச் அடிச்சிரலாம். பாலக்கரையில ஆள் இருக்கான், ரெண்டாயிரம் ரூபா."

வெட்கத்தோடு சொல்கிறேன், நான் கிட்டத்தட்ட சரி என்றுவிட்டேன். அன்று ஸ்டார்ட்டர் மோட்டார் ரிப்பேருக்குப் போன கடைக்காரர்தான் தடுத்தார். "ரெண்டாயிரத்துல வண்டியக் கொன்னுராதீங்க" என்று உறையூருக்கு வழி சொன்னார்.

முதல் நாள் அவர் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. காகிதங்களை வாங்கி, தேதி வரிசைப்படி மேசையில் பரப்பி, நாற்பது நிமிஷம் வாசித்தார். நடுவில் ஒருமுறை எழுந்து போய் நாய்க்குச் சோறு வைத்துவிட்டு வந்து விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். பிறகு 29-ஆம் ஃபாரத்தை என் பக்கம் தள்ளினார்.

"ஓனர் டாக்டர் எப்ப இறந்தார்?"

"1994-ன்னு சொன்னாங்க."

"இது இன்டர்நெட்ல இருந்து இறக்கின ஃபாரம். 94-ல செத்தவர் எப்படி சார் இதுல கையெழுத்துப் போட்டார்?"

எனக்கு வியர்த்துவிட்டது. உற்றுப் பார்த்தால், காகிதத்தின் அடியில் இணைய முகவரியே அச்சாகியிருந்தது. அதைக்கூட நான் பார்க்கவில்லை. அந்த ஃபாரத்தைக் கிழிக்கவும் விடவில்லை அவர். தனியாக ஒரு கவரில் போட்டு, மேலே "உபயோகிக்கக் கூடாதது" என்று எழுதி என்னிடமே கொடுத்தார். தரகர் மேல் வழக்குப் போட வேண்டிவந்தால் அதுதான் சாட்சியாம்.

அப்புறம்தான் விளக்கினார். என் வண்டிக்கு இரண்டு நோய். ஒன்று உரிமை: இறந்தவர் பெயரில் இருக்கும் வண்டியை யாரும் நேராக எனக்கு விற்க முடியாது. முதலில் வாரிசு ஒருவர் பெயருக்கு 31-ஆம் ஃபாரத்தில் மாற்ற வேண்டும், பிறகு அவர் எனக்கு 29, 30-இல் மாற்றித்தர வேண்டும். இன்னொன்று அடையாளம்: சேஸ் நம்பர். இரண்டாவதைத் தீர்க்காமல் முதலாவதைத் தொடக் கூடாது, தப்பான நம்பரை வாரிசு பெயருக்கும் ஏற்றிவிட்டால் தப்பு இரட்டிப்பாகும் என்றார். புரோக்கர் இதைத் தலைகீழாகச் செய்யப் பார்த்திருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கே வந்தார், கையில் ஒரு டிபன் கேரியர். திறந்தால் தின்னர், பஞ்சு, பழைய பல் துலக்கும் பிரஷ், 2பி பென்சில், மெல்லிய காகிதம். பானெட்டைக் கவிழ்த்தோம். என்ஜின் அறையின் பின்சுவரில் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய தகடு, இரண்டு ரிவெட்டில் நிற்கிறது. அதன்மேல் எத்தனை கை பெயின்ட் அடித்திருந்தார்கள் என்று அன்றுதான் தெரிந்தது: வெள்ளை, கீழே ஒரு மங்கிய நீலம், அதற்கும் கீழே சாம்பல். நான் எமரித்தாளை எடுத்தேன். கையைத் தட்டிவிட்டார். "தேய்ச்ச தடம் இருந்தா, நீங்க நம்பரை மாத்தினீங்கன்னுதான் எழுதுவாங்க." பஞ்சைத் தின்னரில் நனைத்து வைத்து, பத்து நிமிஷம் காத்திருந்து, பிரஷால் ஒரே திசையில் இழுத்தார். மறுபடி பஞ்சு. மறுபடி காத்திருப்பு. வெயில் ஏறிவிட்டது, அவர் அவசரப்படவில்லை. புக்கில் 3 என்று இருந்த இடத்தில் இடது பக்க வளைவு மெதுவாகத் தெரிந்தது. முதலில் மேல் பாதி, பிறகு கீழ்ப் பாதி. எட்டு. காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்தபோது காகிதத்திலும் எட்டு. ரிவெட்டுகளின் தலையைத் தனியாக போட்டோ எடுக்கச் சொன்னார். அவை பழைய ரிவெட்டுகள், தகடு கழற்றப்படவில்லை என்பதற்கு அது ஆதாரம்.

அடுத்து என்ஜின் நம்பர். பிளாக்கில் வெட்டியிருந்தது, புக்கில் இருந்ததோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போனது. அவர் முகத்தில் அன்றுதான் முதல் சிரிப்பு. "என்ஜின் காப்பாத்திருச்சு சார். வண்டி அதே வண்டிதான், எழுதினவன் கைதான் தப்பு."

எழுதினவர் கை எப்போது தப்பியது என்பதும் புக்கிலேயே இருந்தது. அது 1966-இல் கொடுத்த புக் இல்லை. 1983-இல் கொடுத்த டூப்ளிகேட். முதல் பக்கத்தின் மூலையில் ஒரு ரப்பர் ஸ்டாம்ப், மங்கி, எண்ணெய் படிந்து. அசல் தொலைந்தபோது பதிவேட்டைப் பார்த்துக் கையால் எழுதிக்கொடுத்ததில் எட்டு மூன்றாகிவிட்டது. இப்போது வரும் வண்டிகளின் 17 இலக்க நம்பரில் ஐ, ஓ, க்யூ ஆகிய ஆங்கில எழுத்துகளே வராது. ஒன்றோடும் சுழியோடும் குழம்பக் கூடாதென்று விலக்கிவைத்திருக்கிறார்கள். 66 மாடலுக்கு அப்படி எந்தப் பாதுகாப்பும் இல்லை, இலக்கங்களும் குறைவு, எழுதுபவர் கையெழுத்தை நம்பித்தான் வண்டியின் பிறப்பே நின்றது.

காரைக்குடிக்கு இருவரும் போனோம். டாக்டரின் மனைவி இருந்தார், எண்பத்தைந்துக்கு மேல் இருக்கும். ஆச்சிக்கு வண்டி விற்ற விவரமே அரைகுறையாகத்தான் தெரிந்திருந்தது. கொட்டகையைக் காலி செய்ய வந்த ஆள், இரும்பு விலைக்கு எடுத்துப்போவதாகச் சொல்லியிருக்கிறார். ஃபாரத்தில் இருந்த கையெழுத்தைக் காட்டினோம். "எங்க டாக்டர் கையெழுத்து யாருக்கும் புரியாதே தம்பி, இது அச்சடிச்ச மாதிரி இருக்கு" என்றார். எனக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. என்னைத் திருடன் மாதிரி நடத்தியிருந்தாலும் நியாயம்தான். அவர் சாப்பிடாமல் போகக் கூடாது என்றார்.

சாப்பிட்ட பிறகு டிரங்குப் பெட்டி திறந்தது. அதில் 1966-இல் வண்டி வாங்கிய பில், 1971-ஆம் வருஷத்து இன்சூரன்ஸ் பாலிசி. இரண்டிலும் சேஸ் நம்பர் டைப் அடித்திருந்தது. இரண்டிலும் எட்டு. என் ஆள் அந்தப் பில்லை வாங்கி மூக்குக்கு அருகில் வைத்து வாசித்தார், பிறகு எடுத்துப்போகாமல் ஆச்சி கையிலேயே கொடுத்து, மகனை வைத்து ஜெராக்ஸ் எடுத்து நோட்டரி சான்று வாங்கச் சொன்னார். அசல் அவர்கள் வீட்டை விட்டு வெளியே வரக் கூடாது என்றார். நானாக இருந்தால் அசலைப் பையில் போட்டிருப்பேன்.

வாரிசு வேலை நீளமானது, ஆனால் சொல்லச் சுவாரசியம் இல்லை. தாசில்தார் கொடுத்த வாரிசுச் சான்றிதழ் ஏற்கெனவே இருந்தது. மகன்கள் இருவரும் ஆச்சி பெயருக்கு மாற்ற ஆட்சேபணை இல்லை என்று பிரமாணப் பத்திரம் கொடுத்தார்கள். மகள் சிங்கப்பூரில். அங்கே இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கி அனுப்ப அவருக்கு இரண்டு மாதம் ஆனது. கடனில் வாங்கிய வண்டி என்று காட்டும் எச்.பி. முத்திரை புக்கில் இல்லாதது என் அதிர்ஷ்டம். மூடிப்போன ஃபைனான்ஸ் கம்பெனியிடம் தடையில்லாச் சான்று தேடி அலையும் ஒருவரை உறையூர்த் திண்ணையில் மூன்று முறை பார்த்திருக்கிறேன், பாவம்.

சென்னையில் வண்டி முதலில் பதிவான ஆபீஸுக்கு, 1966 பதிவேட்டின் அந்தப் பக்கத்தின் நகல் கேட்டுத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டோம். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி. முப்பது நாள் முடிகிற நேரத்தில் "பதிவேடு கிடைக்கவில்லை" என்று ஒரு வரியில் பதில். நான் உட்கார்ந்துவிட்டேன். அவர் அந்தப் பதிலை எதிர்பார்த்தவர்போல, முதல் மேல்முறையீட்டை அன்றே எழுதினார். மனுவில் "பதிவேட்டை அழித்திருந்தால் அழித்த உத்தரவின் நகலைத் தரவும்" என்று ஒரு வரி சேர்த்தார். ஐந்து வாரத்தில் பதிவேடு கிடைத்துவிட்டது! நகல் வந்தது. நீல மை, சாய்ந்த கையெழுத்து, எட்டின் இரண்டு வட்டமும் தெளிவாக மூடியிருந்தன. என் வாழ்நாளில் பார்த்த அழகான எட்டு அதுதான்.

திருத்தத்துக்கு வண்டியைச் சென்னை ஆபீஸில் நேரில் காட்டச் சொன்னார்கள். ஓட்டிப் போக ஆர்.சி. செல்லாது, ஆகவே ரெக்கவரி வண்டியில் ஏற்றினோம். ஜி.எஸ்.டி. ரோட்டில் விடியற்காலையில் பெருங்களத்தூரைக் கடந்தோம். அந்தக் கம்பெனி 1988-இலேயே கார் செய்வதை நிறுத்திவிட்டது. பிறந்த ஊரை என் ஹெரால்டு இன்னொரு வண்டியின் முதுகில் படுத்தபடி, பின்பக்கமாகப் பார்த்துக்கொண்டே போனது. டிரைவரிடம் சொன்னேன். அவர் "அப்படியா சார்" என்று ஆரன் அடித்தார்.

இன்ஸ்பெக்டர் தகடு, பென்சில் பிரின்ட், பில், பாலிசி, பதிவேட்டு நகல் ஐந்தையும் ஒன்றாக வைத்துப் பார்த்தார். இருபது நிமிஷத்தில் முடிந்தது. திருத்தம் ஏறி, கணினியில் இல்லாத பழைய பதிவை அரசின் வாகனப் பதிவுத் தளமான வாகனில் ஏற்றினார்கள். அதுவரை பரிவாகன் தளத்தில் நம்பரைப் போட்டால் அப்படி ஒரு வண்டியே இல்லை என்று வரும். சேஸ் நம்பரின் கடைசி ஐந்து இலக்கம் கேட்கும் அந்தப் பெட்டியில் எட்டோடு அடித்து உள்ளே போனபோது மணி இரவு பதினொன்று. மனைவியை எழுப்பிக் காட்டினேன். "சரி, படுங்க" என்றாள்.

இடையில் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. ஐம்பது வருஷம் தாண்டி, அசல் வடிவம் மாறாத வண்டிகளுக்கு 2021 ஜூலையில் மத்திய அரசு தனி விதி கொண்டுவந்தது. மாநில எழுத்துக்குப் பின் வி.ஏ. என்று வரும் விண்டேஜ் பதிவு, புதிதாக எடுக்க 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும். ஏற்கெனவே பதிவான வண்டி பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். எனக்கு ஆசை வந்துவிட்டது. அவர் ஒரே கேள்வி கேட்டார்: "வண்டியில எங்க போவீங்க?" ஞாயிற்றுக்கிழமை முக்கொம்பு, மற்ற நாளில் காந்தி மார்க்கெட் என்றேன். "அப்ப வேண்டாம்." விண்டேஜ் பதிவு வண்டியைக் கண்காட்சி, ரேலி, பெட்ரோல், பராமரிப்பு மாதிரிக் காரியங்களுக்குத்தான் ரோட்டில் எடுக்கலாம், தினசரி உபயோகத்துக்குக் கூடாது. ஆகவே 25-ஆம் ஃபாரத்தில் சாதாரணப் புதுப்பிப்பு, ஐந்து வருஷத்துக்கு. 2022 ஏப்ரலில் வந்த கணக்குப்படி 15 வருஷம் தாண்டிய காருக்கு அதற்கு அப்போது 5,000 ரூபாயாக இருந்தது. தாமதத்துக்கு மாதம் 500 என்று தனிக் கணக்கு. அந்த ரசீது மட்டும் இன்னும் மனைவி கண்ணில் படவில்லை.

இன்சூரன்ஸில் ஒரு கூத்து. ஏஜென்ட்டின் கம்ப்யூட்டர் 17 இலக்கம் இல்லாமல் சேஸ் நம்பரை ஏற்கவில்லை. முன்னால் சுழிகளைப் போட்டு நிரப்பிவிடலாம் என்றார் ஏஜென்ட். எனக்கும் புத்தி வந்திருந்ததே, உறையூருக்குப் போன் செய்து கேட்டேன். மறுமுனையில் பெரிய சத்தம். கிளை அலுவலகத்துக்கு நேரில் போய், அவர்கள் தனியாக அனுமதி வாங்கி, இருக்கிற நம்பரை இருக்கிறபடி ஏற்றினார்கள். நாலு நாள் தாமதம்தான்.

சரி, அவரைப் பற்றிய குறைகள். மத்தியானம் ஒன்றிலிருந்து நாலு வரை போனை எடுக்கமாட்டார். வாட்ஸ்அப் கிடையாது, ஒரு கையெழுத்துக்காக மூன்று தடவை உறையூர் போயிருக்கிறேன். சத்தம் போடுவார், அதுவும் மற்றவர்கள் முன்னால். எப்போது முடியும் என்று கேட்டால் பதிலே வராது. எனக்கு 2023 மார்ச்சில் தொடங்கி 2024 ஏப்ரலில் முடிந்தது. அவசரக்காரர்கள் போக வேண்டாம், அவர்களுக்கும் நல்லது, அவருக்கும் நல்லது. ஃபீஸ் 18,000, மூன்று தவணை. பயணச் செலவு தனி, ஆனால் பஸ் டிக்கெட்டைக்கூட நோட்டில் ஒட்டிவைத்துக் கணக்குக் காட்டுவார். "ஆபீஸ்ல கொடுக்கணும்" என்று என்னிடம் ஒரு ரூபாய் கேட்டதில்லை. அதைத்தான் முதல் புரோக்கர் மாதாமாதம் கேட்டார்.

விரைவுத் தபாலில் கார்டு வந்த அன்று அவரிடம் கொண்டுபோனேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு சேஸ் நம்பரை ஒவ்வொரு எழுத்தாகச் சத்தமாக வாசித்தார். நான் பதிவேட்டு நகலை வைத்துக்கொண்டு சரிபார்த்தேன், அச்சகத்தில் செய்கிற மாதிரியே. எட்டு வந்த இடத்தில் இருவரும் ஒரு விநாடி நிறுத்தினோம். என்ஜின் நம்பர் சரி. நிறம் சரி. தேதி சரி.

"உங்கப்பா பேரு என்ன சார்?"

"ராமசாமி."

கார்டைத் திருப்பிக் காட்டினார். ராமசாமியில் ஒரு எழுத்து விட்டுப்போயிருந்தது.

இதற்கு ஃபீஸ் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு மேல் வரச் சொல்லியிருக்கிறார்.